தபோவனமும் சுமைகூலியும்

கோமுகம் கடந்து தபோவனம் ஏறிய அனுபவத்தைத் தமிழில் எழுதுவோரில் பலர், பனிமலையின் மௌனத்தில் 'தான்' கரைந்துபோனதாகவே முடிக்கிறார்கள். ஆடித்தபசு காணும் சங்கரன்கோவில்காரர்களான எமக்குத் தவம் புதிதன்று. எங்கள் கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்றாள், அதுவும் தன் காலில். கங்கோத்ரியிலிருந்து கோமுகம்வரை சுமார் 18 கிலோமீட்டர் பாதையுண்டு. அதற்கப்பால் பனியாறு, மேலே கற்குவியல், கீழே பிளவுகள். பனி உருக உருக நேற்றைய தடம் இன்றிராது. கல் உருளும் ஓசையும் ஓயாது. மௌனம் எங்கிருந்து வந்ததாம்? அடிக்கு அடி வழிகண்டவர், கூடாரத்தையும் அரிசியையும் முதுகில் சுமந்தவர், கட்டுரையில் வெறும் 'போர்ட்டர்'. அடுத்த கட்டுரையிலாவது அவர் பெயரையும் நாள்கூலியையும் எழுதுங்கள். ஆன்மா கரைந்த கதையைப் பிறகு வாசித்துக்கொள்கிறோம்.