நூலகரின் ஓய்வு வேளை

வாசகர் குறைந்த வேளைகளில் நூலகருக்கு வேலையே இல்லை எனப் பலர் எண்ணுகின்றனர். இஃது உண்மையன்று.

1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். அரங்கநாதன், அங்கு நிலவிய தனிமையைத் தாங்காமல் ஆசிரியர் பணிக்கே திரும்ப விரும்பினார். எனினும், இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்றபின், வெறுமையாகத் தோன்றிய அதே பணியில் பெருஞ்செயல் புரிந்தார். நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய 'கோலன் பகுப்பு முறை' 1933இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

கோலசிலாங்கூர் வட்டார நூலகர்களுக்கும் அரிய பணியொன்று காத்திருக்கிறது. அங்குள்ள தோட்டங்களில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. மக்கள் பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரும் 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறியது. அன்றைய தோட்ட வாழ்க்கையை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யவும், பழைய நிழற்படங்களையும் பள்ளி ஆண்டு மலர்களையும் திரட்டி, பெயரும் ஆண்டும் குறித்து வைக்கவும் ஓய்வு வேளையே ஏற்றது.

நூல்களை அடுக்குவதும் கிழிந்தவற்றை ஒட்டுவதும் தேவையே. ஆனால், கிழிந்த நூலை மீண்டும் வாங்கலாம். மறைந்த முதியவரின் நினைவை எங்கும் வாங்க இயலாது. ஆகவே, நூலகர்கள் இப்பணியை இன்றே தொடங்க வேண்டும். மாணவர்களும் தத்தம் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்து அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும்.