பல் பிடுங்கப் போலீஸ் காவலா?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். 2024 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் நூற்றுக்கணக்கான பேர் தெருவில் க்யூ நின்றார்கள். சினிமா டிக்கெட்டுக்கு அல்ல, பல் டாக்டரிடம் பேர் பதிய! முந்தின வருஷம் மூடிய பல் ஆஸ்பத்திரியை மறுபடி திறந்து, அரசாங்கத் திட்டத்தில் ஆள் சேர்க்கிறார்கள் என்றதும் ஊரே திரண்டுவிட்டது. கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வந்தது.

1948 ஜூலையில் அந்த நாட்டில் தேசிய சுகாதாரத் திட்டம் வந்தபோது பல் வைத்தியமும் இலவசம்தான். மூன்றே வருஷத்தில் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் காசு வாங்கப்போகிறோம் என்றார்கள். திட்டத்தைக் கொண்டுவந்த பெவன், "இது அடுக்காது" என்று 1951-ல் மந்திரி பதவியையே உதறினார். இன்றைக்குக் காசு கட்டத் தயாராக இருந்தாலும் திட்டத்தில் டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு!

ஏன்? டாக்டர்கள் கல்நெஞ்சக்காரர்களா?

அவர்களைக் கேட்டால் 2006 ஏப்ரலில் வந்த ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். அங்கே பல் டாக்டர்களில் பெரும்பாலோர் சர்க்கார் சம்பளக்காரர்கள் அல்ல. தனியார் ஆஸ்பத்திரிகள்தான் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போடுகின்றன. கூலி யூனிட் கணக்கில். வாயைத் திறந்து பார்த்தால் 1 யூனிட். பல் அடைத்தால் 3. பல் செட் கட்டினால் 12. இதுவரை சரி. ஆனால் 2022 வரை ஒரு பல்லை அடைத்தாலும் 3, ஒரே ஆளுக்கு ஆறு பல்லை அடைத்தாலும் அதே 3 என்றுதான் இருந்தது! ஒரு சட்டைக்கும் அதே கூலி, ஆறு சட்டைக்கும் அதே கூலி என்றால் எந்தத் தையல்காரர் துணியை வாங்குவார்?

இன்னொரு கூத்தும் உண்டு. வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒப்புக்கொண்டு, நூற்றுக்கு 96-க்குக் கீழே போனால் கொடுத்த பணத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆக, வாயெல்லாம் சொத்தையாக வரும் ஏழைதான் டாக்டருக்கு நஷ்டம். பல்லே கெடாதவன் லாபம்!

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் மூன்று பல்லோ அதற்கு மேலோ பார்த்தால் 5 யூனிட், கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால் 7 என்று ஏற்றினார்கள். 2024-ல் யூனிட்டுக்குக் குறைந்தது 28 பவுண்ட் என்றார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி! கணக்குப் போடும் முறையையே தூக்கி எறியுங்கள் என்பதுதான் டாக்டர்கள் சங்கத்தின் பல வருஷக் கோரிக்கை. 2023-ல் பார்லிமெண்ட் கமிட்டியும் இந்த ஒப்பந்தம் உதவாது என்று சொல்லிவிட்டது. வலி தாங்காமல் குறடு வைத்துத் தன் பல்லைத் தானே பிடுங்கியவர் கதை அந்தக் கமிட்டி முன்னாலேயே வந்தது.

இதுவரை டாக்டர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் 2025 ஜூலையில் அரசாங்கம் இன்னொன்று சொன்னது. புதிதாகப் படித்து வருகிற பல் டாக்டர்கள் குறைந்தது மூன்று வருஷமாவது திட்டத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று. இந்த யோசனை கிளம்பின நாளிலிருந்தே சங்கத்துக்குக் கசப்பு. கட்டிப்போட்டால் ஆள் நிற்காது, கூலியைச் சரி பண்ணுங்கள் என்கிறார்கள்.

இங்கேதான் நமக்கு இடிக்கிறது. அந்தப் படிப்புக்கு ஜனங்களின் வரிப்பணம் கொஞ்சநஞ்சமா போகிறது? பிரிஸ்டலில் க்யூவில் நின்றவனும் கட்டிய வரி அது. படித்து முடித்ததும் காசுள்ளவன் வாயை மட்டும் பார்ப்பேன் என்றால் எப்படி?

கணக்கை மாற்றட்டும். மாற்றுகிற அன்றைக்கே மூன்று வருஷ நிபந்தனையும் வரட்டும். அப்போதும் மாட்டேன் என்றால், கூலி கட்டுப்படி ஆகவில்லை என்று சொல்ல டாக்டர்களுக்கு வாய் இருக்காது.