கரிசலுக்கு ஒரு கட்டடக் கலைஞர்

எங்கள் குமாரலிங்கபுரத்துக்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, கட்டடக் கலைப் படிப்பின் ஐந்தாம் ஆண்டு இறுதித் திட்டத்தை முடிக்கப் போகிறார். விருதுநகர் மாவட்டத்துக்கு 2023-இல் அறிவிக்கப்பட்ட, 1,052 ஏக்கர் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவின் தொழிலாளர் குடியிருப்பே அவர் எடுத்துக்கொண்ட பொருள். "அடுத்து என்ன அண்ணே?" என்றேன். "சென்னைதான் தம்பி. இங்கே வரைபடத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?" என்றார்.

கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், நம் கரிசல் மண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதை அறியாது போட்ட அடித்தளத்தின் மேல் எழும் சுவர் விரிசல் விடுகிறது. ஓட்டு வீட்டை இடித்துக் கடன் வாங்கிக் காங்கிரீட் போட்டவர்கள், சித்திரை இரவில் வாசலுக்குக் கட்டிலைத் தூக்குகிறார்கள். இந்த நோய்க்கு மருந்து கற்றவரும் போய்விட்டால் வேறு யார் வருவார்?

இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர் 1945-இல் இந்தியா வந்து, இங்கேயே தங்கி, திருவனந்தபுரத்தில் எளியோருக்கும் வீடு கட்டினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறி'க் கட்டு முறையை அவர் பரப்பினார். அதில் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், வெப்பமும் குறையும். அவருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தியாகத்தை மட்டும் கேட்பது முறையன்று. கொத்தனார் கூலியோடு யோசனைக்கான கூலியையும் ஊரார் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சென்னைக்குப் போய்த் தொழில் பழகுங்கள் அண்ணே. ஆனால் திரும்பி வாருங்கள்.