சுவரில் மாட்ட வேண்டியது டிவியா, படமா?

சில மாதங்களுக்கு முன் திருச்சியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். ஹால் சுவரில் பல வருடங்களாக மாட்டியிருந்த தாத்தா படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். சுவர் பளிச்சென்று ஆனதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அந்த இடத்தில் ஒரு பெரிய டிவியை மாட்டிவிடலாம். இப்போது வரும் சில டிவிகள் பார்க்காத நேரத்தில் கறுப்பாக நிற்காமல் ஓவியம் காட்டும். தாத்தா படத்தையும் ஸ்கேன் செய்து அதிலேயே போட்டுவிடலாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கரண்ட் போனா தாத்தாவும் போயிடுவாராடா?"

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கியபோது, அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று புரிந்தது. இந்த வகை டிவி வாங்கும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இது என்ன புது வகை?

சாதாரண டிவியை ஆஃப் செய்தால் திரை கறுப்பாகிவிடும். ஓவிய டிவியை ஆஃப் செய்தால் அது முழுவதுமாக ஆஃப் ஆவதில்லை. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு ஓவியத்தையோ உங்கள் போட்டோவையோ காட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் மரச்சட்டம் போன்ற ஒரு ஓரம் இருக்கும். சுவரோடு ஒட்டினாற்போல் மாட்டுவதால், தூரத்திலிருந்து பார்த்தால் சட்டம் போட்ட படம் போலவே தெரியும்.

இதைப் பிரபலமாக்கியது சாம்சங். 2017ல் 'தி ஃபிரேம்' என்ற பெயரில் வெளியிட்டது. அதன் வடிவமைப்பில் இவ் பெஹார் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளருக்குப் பங்கு உண்டு. பிறகு மற்ற நிறுவனங்களும் இறங்கின. ஹைசென்ஸ் 'கேன்வாஸ் டிவி' கொண்டு வந்தது. டிசிஎல் 'நெக்ஸ்ட்ஃபிரேம்' கொண்டு வந்தது. எல்ஜி 2026 ஜனவரியில் நடந்த சிஇஎஸ் கண்காட்சிக்கு 'கேலரி டிவி'யை அறிவித்தது. எல்லா மாடல்களும் எல்லா நாடுகளிலும் விற்பனைக்கு வருவதில்லை. எனவே உங்கள் ஊர்க் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடத் தொடங்குங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது?

கடையில் கேட்டால் 4கே, கியூலெட், 144 ஹெர்ட்ஸ் என்று அடுக்குவார்கள். இவை சினிமாவுக்கும் கேம்ஸுக்கும் தேவையானவை. ஓவியம் காட்டும் வேலைக்கு நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, திரையின் பளபளப்பு. சாதாரண டிவி திரையில் ஜன்னலும் டியூப் லைட்டும் அப்படியே பிரதிபலிக்கும். காகிதத்தில் வரைந்த படத்துக்குள் டியூப் லைட் தெரியாது அல்லவா? அதனால்தான் சாம்சங் 2022 முதல் ஃபிரேமில் மேட் திரையைக் கொடுக்கத் தொடங்கியது. ஹைசென்ஸ் கேன்வாஸும் இதே வழியில்தான் போகிறது. என் கருத்தில் மற்ற எல்லா வசதிகளையும் விட இதுதான் முக்கியம். மேட் திரை இல்லாத டிவியில் மோனலிசாவைப் போட்டாலும் அது டிவியாகத்தான் தெரியும்.

இரண்டாவது, வெளிச்சம். நிஜப் படம் தானாக ஒளி விடுவதில்லை. அறை வெளிச்சம் குறைந்தால் அதுவும் மங்கும். இந்த டிவிகளில் உள்ள சென்சார் அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கடையில் எல்லா டிவிகளையும் அதிக வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள் என்பதால் அங்கு இது தெரியாது. விற்பனையாளரிடம் சொல்லி டெமோ மோடிலிருந்து மாற்றி, சென்சார் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். சில விநாடிகளில் படம் மங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, சுவருக்கும் டிவிக்கும் உள்ள இடைவெளியும் ஒயர்களும். படத்துக்குக் கீழே நான்கு ஒயர் தொங்கினால் எல்லாம் கெட்டது. சாம்சங் ஃபிரேமின் பல மாடல்களில் எல்லா இணைப்புகளும் தனிப் பெட்டி ஒன்றுக்குப் போய்விடும். அங்கிருந்து டிவிக்கு ஒரே ஒரு மெல்லிய ஒயர்தான். 2025ல் வந்த ஃபிரேம் புரோவில் அந்தப் பெட்டி ஒயர் இல்லாமலேயே படத்தை அனுப்புகிறது. ஆனால் டிவிக்கு மின்சார ஒயர் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கும் மாடலில் இந்தப் பெட்டி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துச் சுவருக்குள் பைப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பெயிண்ட் அடித்த பிறகு யோசித்தோம்!

நான்காவது, தனியாக வரும் செலவுகள். மரச்சட்டம் பெட்டிக்குள்ளேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா? சாம்சங்கில் விதவிதமான நிறச் சட்டங்களுக்குப் பொதுவாகத் தனி விலை. அமெரிக்காவில் விற்கும் ஹைசென்ஸ் கேன்வாஸில் ஒரு சட்டம் பெட்டியிலேயே வருகிறது. அடுத்தது சந்தா. சாம்சங்கின் ஆர்ட் ஸ்டோரில் உள்ள ஓவியங்கள் முழுவதும் வேண்டும் என்றால் சந்தா கட்ட வேண்டும். உங்கள் சொந்தப் படங்களைப் போட எந்தச் சந்தாவும் தேவையில்லை. அதோடு 2025 முதல் சாம்சங்கின் சாதாரண கியூலெட் டிவிகள் பலவற்றிலும் இதே ஆர்ட் ஸ்டோர் வந்துவிட்டது. எனவே "ஓவியங்கள் இதில்தான் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"ஓலெட் டிவிதானே சிறந்தது, அதில் ஏன் படம் காட்டக் கூடாது?" என்ற கேள்வி எழலாம். எல்ஜி 2020லேயே சுவரோடு ஒட்டும் 'கேலரி' ஓலெட் டிவியை விற்றது. பார்க்க அழகானது. ஆனால் ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது. ஒரே படம் பல மணி நேரம் அசையாமல் நின்றால் அதன் தடம் திரையில் தங்கிவிடும் அபாயம் உண்டு. பழைய குண்டு மானிட்டர்களுக்கு ஸ்கிரீன் சேவர் கண்டுபிடித்ததும் இதே காரணத்துக்காகத்தான். எல்ஜியே தன் புதிய கேலரி டிவிக்கு ஓலெட்டை விட்டுவிட்டு மினி எல்இடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஓவியம் காட்டும்போதும் டிவி மின்சாரம் எடுக்கும். எத்தனை வாட் என்று மாடலுக்கு மாடல் மாறும். கணக்கு மட்டும் ஒன்றுதான். வாட்டை மணியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட். உதாரணத்துக்கு 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இது பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டு பில் ஸ்லாப் எல்லையில் நிற்கிறது என்றால், இந்த 36 யூனிட் உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடும். அறையில் ஆள் இல்லாவிட்டால் திரையை அணைக்கும் மோஷன் சென்சார் உள்ள மாடலை வாங்குவது நல்லது.

படத்தின் அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 4கே திரை என்பது 3840 x 2160 புள்ளிகள். அதன் வடிவம் 16:9. உலகத்து ஓவியர்கள் யாரும் இந்த வடிவத்தை நினைத்து வரையவில்லை. டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ. ஏறக்குறைய சதுரம். இதைத் திரை முழுக்க நிரப்பினால் படத்தில் பாதி வெட்டுப்படும். முழுதாகக் காட்டினால் இரண்டு பக்கமும் காலியாக நிற்கும். சில ஓவியங்களைத் திரையில் காட்டவே முடியாது என்பதும் என் கருத்து. தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக் நாம் நகரும்போது மினுக்கும். மேட் திரையில் அது வெறும் மஞ்சள்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் சோதனை

நீங்கள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர். எனவே ஒரு பைசா செலவில்லாமல் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் 'சுவர்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017ல் தன் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ரைக்ஸ் மியூசியமும் பெரிய சைஸ் படங்களை இலவசமாகத் தருகிறது. 1906ல் மறைந்த ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது. இவற்றிலிருந்து பத்துப் படங்களையும், வீட்டு ஆல்பத்திலிருந்து பத்துப் படங்களையும் போடுங்கள்.

பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்யும்போது டிபிஐ கவனியுங்கள். 6 x 4 அங்குலப் போட்டோவை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1800 x 1200 புள்ளிகள்தான் கிடைக்கும். 4கே திரைக்குப் போதாது. 600 வைத்தால் 3600 x 2400 கிடைக்கும். அது போதும். நின்ற வாக்கில் உள்ள போட்டோவை அப்படியே போட்டால் சில டிவிகள் தலையை வெட்டிவிடும். ஜிம்ப் போன்ற இலவச சாஃப்ட்வேரில் 3840 x 2160 அளவில் வெளிர் நிறப் பின்னணி ஒன்றை உருவாக்கி, அதன் நடுவில் போட்டோவை வைத்து சேமியுங்கள். ஸ்டுடியோவில் அட்டை வைத்துச் சட்டம் போட்டது போல வந்துவிடும்.

இப்போது இருக்கும் டிவியை எச்டிஎம்ஐ கேபிளால் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், பேக்கிரவுண்ட் போய் ஸ்லைடு ஷோவைத் தேர்ந்தெடுத்து இந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ஐகான்களை மறைத்துவிடுங்கள். பவர் செட்டிங்கில் திரை அணையும் நேரத்தை நீட்டிவிடுங்கள். உங்கள் டிவி ஓலெட் என்றால் மட்டும் இதைப் பல மணி நேரம் ஓட விடாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து உங்களையே கேட்டுப் பாருங்கள். ஃபோல்டரில் புதுப் படம் சேர்த்தீர்களா? வீட்டில் யாராவது நின்று பார்த்தார்களா? ஆம் என்றால் ஓவிய டிவி உங்களுக்குப் பயன்படும். இரண்டாவது வாரமே யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால், அதே விலையில் படத்தரம் கூடிய சாதாரண டிவி வாங்குவதே புத்திசாலித்தனம். ஏனென்றால் சாதாரண ஃபிரேம், கேன்வாஸ் போன்ற மாடல்களில் லோக்கல் டிம்மிங் கிடையாது. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஒல்லியான உடம்புக்காக நாம் கொடுக்கும் விலை அது.

எங்கள் வீட்டில் என்ன முடிவு?

சோதனையில் ஒன்று தெரிந்தது. அப்பாவின் கல்யாண ஆல்பம், நாங்கள் சின்ன வயதில் கொடைக்கானல் போன படங்கள் எல்லாம் திரையில் வந்தபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து வந்து பார்த்தார். பீரோவுக்குள் கிடந்த படங்கள் அவை. அவற்றுக்கு இத்தனை நாள் சுவரே கிடைக்கவில்லை. ஆனால் தாத்தா படம் வந்தபோது மட்டும் அம்மா நின்று பார்க்கவில்லை. "இதுல வந்து வந்து போறாரு" என்றார். அன்று சாயங்காலம் கரண்டும் போனது. சுவரில் ஒரு கறுப்புக் கட்டம்தான் மிஞ்சியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இந்த டிவிகளைப் பற்றி என் கருத்து இதுதான். மாறிக்கொண்டே இருக்கும் படங்களுக்குத் திரை நல்லது. எப்போதும் இருக்க வேண்டிய படத்துக்குக் காகிதமும் ஒரு ஆணியும் போதும். அதற்குச் சந்தா இல்லை, சாஃப்ட்வேர் அப்டேட் இல்லை, இன்வெர்ட்டரும் வேண்டாம்.

நாங்கள் மேட் திரை உள்ள 43 அங்குல டிவி ஒன்றை எதிர்ச் சுவருக்கு வாங்கினோம். தாத்தா படத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, கண்ணாடியை மட்டும் மாற்றி, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். ஸ்கேன் செய்த காப்பியை இரண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் போகும்போது நீங்களும் உங்கள் வீட்டுப் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் காட்டும் பூப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.