இதழியற் கல்லூரியும் மாத்தளை நிருபரும்

பத்திரிகைத் தொழிலின் எதிர்காலம் இதழியற் கல்லூரிகளிலேயே தங்கியுள்ளது என்னும் கருத்து இன்று பெரிதும் வற்புறுத்தப்படுகின்றது. விளம்பர வருவாய் குன்றி, வாசகர் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்ட இக்காலத்தில், பயிற்சி பெற்ற இளைஞரே இத்தொழிலைக் காப்பர் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் யாருக்குப் பயிற்சி, எந்த மக்களின் செய்திக்காகப் பயிற்சி என்னும் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை.

இவ்வினாக்களுக்கு மாத்தளை மாவட்டம் தக்கதோர் உரைகல்லாகும். 1848 யூலையில் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையில் புதிய வரிகளைக் கண்டித்து வெளிவந்த கடிதமொன்று சிங்களத்திற் பெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவிற்று. அம்மாத இறுதியில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. வரிச்சுமையே கிளர்ச்சியின் காரணம். எனினும் ஆளுநர் டொரிங்டன் அப்பத்திரிகை மீதும் பழி சுமத்தினார். மக்கள் மொழியிற் சென்ற எழுத்தின் வலிமையை ஆட்சியாளர் அன்றே அறிந்திருந்தனர்.

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்த தமிழ்த் தொழிலாளருக்கோ அத்தகைய எழுத்து நெடுங்காலம் வாய்க்கவில்லை. கோ. நடேசய்யர் 1921 இல் ‘தேசநேச’னையும் 1924 இல் ‘தேசபக்த’னையும் நடத்திய பின்னரே மலையகத்தின் குரல் அச்சேறியது. புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் புகுந்து உண்மையறிந்த அவருக்கு லயன்களே இதழியற் கல்லூரியாயின.

2004 இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் கற்பிப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் ரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் கந்தேநுவரவிலிருந்தும் செய்தி அனுப்புபவர் கொழும்புப் பட்டதாரியல்லர், பிரதேச நிருபரே. அத்தகையோரிற் பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளமில்லை. பிரசுரமான செய்திக்கே கொடுப்பனவு. பஸ் கட்டணமும் அவர் கைப்பொறுப்பே. விபத்தும் தேர்த்திருவிழாவும் ஒரு நாளில் எழுதி முடிக்கத்தக்கவை. தோட்டக் கணக்கை ஆராயப் பல நாள்கள் வேண்டும். அந்நாள்களுக்குக் கூலி கொடுப்பவர் யார்? 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டமை தலைப்புச் செய்தியாயிற்று. அதனைப் பெறத் தொழிலாளி எத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டியிருந்தது என்பதோ அத்துணை இடம் பெறவில்லை.

ஊதியம் பத்திரிகை முதலாளியின் விடயம், கற்பித்தலே கல்லூரியின் கடமை எனச் சிலர் வாதிடக்கூடும். இவ்வாதம் பொருந்தாது. பத்திரிகை உரிமையாளரும் ஆசிரியரும் ஊடகவியலாளரும் கூடி நிறுவிய அமைப்பின் கீழேயே அக்கல்லூரி இயங்குகின்றது. முதலாளியை அருகில் வைத்துக்கொண்டே ஊதியம் பற்றி மௌனம் காப்பது நடுநிலைமையாகாது.

ஆகவே, கல்லூரி மாத்தளைக்கு வரவேண்டும். பிரதேச நிருபருக்கு அவரது ஊரிலேயே, தமிழிலும் சிங்களத்திலும், பயிற்சியளிக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் ஆவணங்கோரும் முறையைக் கற்பிக்க வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு நிலையான ஊதியத்தை உரிமையாளரிடம் வலியுறுத்திப் பெறவேண்டும். இவற்றைச் செய்யாத கல்லூரி கொழும்பு அலுவலகங்களின் நாற்காலிகளை நிரப்பலாம். பத்திரிகைக்கு எதிர்காலத்தை அளிக்கமாட்டாது. தன் வாழ்வைக் காணாத பத்திரிகையைத் தோட்டத் தொழிலாளி காசு கொடுத்து வாங்கவேண்டிய கடப்பாடு எதுவுமில்லை.