தழும்பின் வலிக்குச் செவிசாய்க்குமா அரசு?

தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை மூலம் நிகழ்வதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) கூறுகிறது. முந்தைய ஆய்வில் இது 34.1 விழுக்காடு. அரசு மருத்துவமனைகளில் மட்டும் கணக்கிட்டாலும் 36 விழுக்காடு. ஆகவே, சேரிப் பெண்களில் பலரும் இன்று அடிவயிற்றில் சிசேரியன் தழும்போடு வாழ்கின்றனர்.

சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன் பின்விளைவுகள் கண்காணிக்கப்படுகின்றனவா என்பதே நம் கேள்வி. அறுவையின்போது கருப்பையின் உள்வரிச் செல்கள் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு வளரக்கூடும். எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் இந்நிலையில், மாதவிடாய் நாள்களில் தழும்பருகே கட்டி வீங்கி வலிக்கும். இது பெரும்பாலும் புற்றுநோயன்று. முழுமையாக அகற்றினால் குணமாகும். மிக அரிதாக, பல ஆண்டுகள் கழித்து அது புற்றுநோயாக மாறுகிறது. எண்டோமெட்ரியோசிஸிலிருந்து புற்றுநோய் தோன்றியதை உறுதிசெய்யும் அளவுகோல்களை அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1925இலேயே வகுத்தார்.

அரிதானது என்பதாலேயே இந்நோய் தவறவிடப்படுகிறது. தையல் புண்ணென்றோ குடலிறக்கமென்றோ கருதப்படுகிறது. காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வயல்வேலையும் நூறுநாள் வேலையும் செய்யும் தலித் பெண்ணுக்கு, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவர ஒருநாள் கூலி போகும். மாதவிடாய் வலிதானே என்று வீட்டார் சொல்வதை மருத்துவரும் சொன்னால், அவர் மீண்டும் அங்கே போகமாட்டார். பேறுகாலப் பின்கவனிப்போ 42 நாள்களில் முடிந்துவிடுகிறது. இந்த நோய் பல ஆண்டுகள் கழித்து வருகிறது.

நாம் கோருபவை எளியவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுதேடி வரும் தன்னார்வலர்கள், தழும்பில் கட்டியோ வலியோ உண்டா என்றும் கேட்க வேண்டும். தழும்பிலிருந்து அகற்றப்படும் ஒவ்வொரு கட்டியும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டும். அதன் முடிவு அப்பெண்ணின் கைக்கு எழுத்தில் வர வேண்டும்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நலன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாயின் நலனைக் காப்பதில் அரசுக்குப் பெரும் பொறுப்பு உண்டென்றார். அப்பொறுப்பு 42ஆம் நாளோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த கிராமசபையில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்குவோம்.