பல் கம்பியும் மாலை நேரத் தின்பண்டமும்

பிள்ளையின் பல்லுக்குக் கம்பி கட்டிய அன்றே வீட்டுக்கு ஒரு தடைப்பட்டியலும் வந்து சேர்கிறது. முறுக்கு, சீடை, தட்டை கூடாது. கரும்பைக் கடிக்கக் கூடாது. கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலை, எலும்புக் கறி ஆகாது. பட்டியலில் பிழை இல்லை. ஒவ்வொரு பல்லின் மேலும் இருக்கும் சிறு உலோகக் கட்டை வெறும் பசையின் பிடியில்தான் நிற்கிறது. சிகிச்சை முடிந்ததும் பல்லுக்குச் சேதமில்லாமல் கழற்ற வேண்டியிருப்பதால் அந்தப் பிடியையும் ஓர் அளவோடுதான் வைக்கிறார்கள். முழுக் கொய்யாவை முன்பல்லால் கடித்து இழுத்தால் கட்டை பெயர்ந்து வந்துவிடும். நகர்ந்துகொண்டிருந்த பல் நின்றுவிடும், சிகிச்சையும் நீளும். இதையெல்லாம் பெற்றோர் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியல் பெரும்பாலும் காப்பது கம்பியைத்தான். பல்லைக் காப்பது எப்படி என்ற பேச்சு நம் வீடுகளில் போதிய அளவு நடப்பதில்லை.

கடினமானது ஆகாது என்றதும் மெத்தென்றதெல்லாம் ஆகும் என்று குடும்பம் எடுத்துக்கொள்கிறது. முறுக்கு டப்பாவை ஒளித்து வைத்த கையே பாலில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீம் பன்னையும் கேக்கையும் தட்டில் வைக்கிறது. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்குகின்றன. வாயின் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பெரிய கேள்வி. ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஒரே தடவையில் தின்று வாய் கொப்பளித்தால் உமிழ்நீருக்கு ஓய்வு கிடைக்கும். பள்ளி விட்டு வந்த 4 மணியிலிருந்து 7 மணி வரை ஒவ்வொன்றாகக் கொறித்தால் அத்தனை நேரமும் பல் அமிலத்தில் ஊறும். கம்பியில்லாத வாயில் நாக்கும் உதடும் உமிழ்நீரும் பல்லை ஓரளவு துடைத்துவிடும். கட்டையின் ஓரத்தில் அப்பிய மாவை அவற்றால் எட்ட முடியாது. கம்பியைக் கழற்றும் நாளில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும்: கட்டை இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்க, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு. பெயர்ந்த கட்டையை மறுபடி ஒட்டிவிடலாம். இந்தத் திட்டு ஓரளவு மங்குமே தவிர, பலருக்கு முழுதாக மறைவதில்லை. வரிசையான பல்லுக்காக இரண்டு ஆண்டு பொறுத்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

வலிக்கும்போது மெத்தென்றதைத்தானே கொடுக்க முடியும் என்று கேட்கலாம். உண்மைதான். கம்பியை முடுக்கிய சில மணி நேரத்தில் வலி தொடங்கி, மறுநாள் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நாள்களுக்குக் குழைந்த பொங்கல், ரசம் சாதம், இடியாப்பம், கீரை மசியல் என்று நம் அடுப்படியிலேயே எல்லாம் இருக்கின்றன. கேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் போக வேண்டியதில்லை. வலி தீர்ந்ததும் கொய்யாவை மெல்லிய துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லட்டும். சுண்டலைக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். காலையும் இரவும் பல் துலக்கினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஃபுளோரைடு பற்பசை பெரிய துணை, கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ்ஷும் அவசியம். ஆனாலும் இரண்டு துலக்கலுக்கு இடையே ஐந்தாறு முறை இனிப்பு போனால் எந்தப் பிரஷ்ஷும் ஈடுகட்டாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, தேன் என்று மாற்றுவோரும் உண்டு. பல்லில் இருக்கும் கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

வளரும் பிள்ளையிடம் இனிப்பையே தொடாதே என்று சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. தீபாவளி லட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், உடனே நன்றாக வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். படுக்கப்போகும்போது சர்க்கரை போட்ட பால் வேண்டாம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். பல் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எதைக் கடிக்கக் கூடாது என்று எழுதும் அதே தாளில், ஒரு நாளைக்கு எத்தனை முறை தின்னலாம் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். அதை முதல் நாளே கொடுங்கள். துலக்காமல் விட்ட கட்டையைச் சுற்றி வெள்ளைத் திட்டு தோன்ற நான்கு வாரம் போதும்.